அன்னை சாவித்திரிபாய் பூலே

தாய்மார் கல்வி பெறவேண்டும் எனப் பத்தொன்பதாம் நூற்றாண்டிற் பேசியவர் பலர். அவர்களுட் பெரும்பாலோர் கருதியது, நல்ல மனைவியாகவும் பிள்ளை வளர்ப்பில் தேர்ந்தவளாகவும் ஒரு பெண்ணை ஆக்குமளவுக் கல்வியே. அதுவும் மேற்குடிப் பெண்களுக்கே. சேரியில் வாழ்ந்த தாய் அவர்தம் கணக்கில் இல்லை. அவளையும் கணக்கிற் சேர்த்தவர் சாவித்திரிபாய் பூலே. அவர் நம் சமூகத்திற் பிறந்தவரல்லர். தோட்டத் தொழில் செய்த மாலி குலத்தவர்.

1831 சனவரி 3ஆம் நாள் மராட்டிய நாட்டு நாய்காவ் சிற்றூரிற் பிறந்து, ஒன்பதாம் வயதில் சோதிராவ் பூலேவை மணந்தார். கணவரிடம் எழுத்தறிந்து, ஆசிரியப் பயிற்சியும் பெற்றார். 1848இல் இருவரும் புனே நகரில் பெண்கள் பள்ளியைத் தொடங்கினர். வழியில் அவர்மேற் சாணமும் கல்லும் வீசினர். மாற்றுச் சேலை ஒன்றைக் கையோடு கொண்டுசென்று, பள்ளியில் உடுத்திப் பாடம் நடத்தினார்.

பின்னர் மகார், மாங்கு குலப் பிள்ளைகளுக்கும் பள்ளிகள் எழுந்தன. பூலே பள்ளியிற் பயின்ற முக்தா என்னும் மாங்குச் சிறுமிக்கு 1855இல் வயது பதினான்கு. தம் குலப் பெண்கள் தலைக்குமேற் கூரையின்றி, மழையிலும் குளிரிலும் பிள்ளை பெறும் துயரை அவள் கட்டுரையாக எழுதினாள். ஞானோதயம் என்னும் இதழ் அதனை அச்சிட்டது. வகுப்பறையில் நாம் குடிமையியல் நடத்துகிறோம், மாணவரும் ஒப்பிக்கின்றனர். தன் தாயின் துயரை ஊரறியக் கேட்ட அச்சிறுமியின் கட்டுரைக்கு அப்பாடம் ஈடாகுமா?

கைம்பெண் கருவுற்றால் ஊர் பழிக்கும். பிறந்த சிசு கொல்லப்படும். அக்கொடுமையைத் தடுக்க 1863இல் பூலே இணையர் தம் இல்லத்திலேயே காப்பகம் திறந்தனர். அங்கே பார்ப்பனக் கைம்பெண் ஒருத்தி ஈன்ற யசுவந்தைத் தத்தெடுத்தனர். தம் வயிற்றிற் பிள்ளையில்லாத அன்னை அவனை வளர்த்து மருத்துவராக்கினார். 1868இல் தம் வீட்டு நீர்த்தொட்டியைத் தீண்டப்படாதார் என ஒதுக்கப்பட்டோருக்குத் திறந்துவிட்டனர்.

பன்னிரண்டு வயதுவரை தொடக்கக் கல்வியைக் கட்டாயமாக்குமாறு 1882இல் அண்டர் கல்விக் குழுவிடம் சோதிராவ் வேண்டினார். நாடு முழுமைக்கும் அது சட்ட உரிமையாக 2009ஆம் ஆண்டுவரை காத்திருக்க நேர்ந்தது. இடைப்பட்ட காலத்தில் நம் காஞ்சி வட்டாரப் பட்டுத்தறிகளில், பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்கு ஈடாக அமர்ந்த சிறுவர் எத்தனை பேர்! அவர்தம் அன்னையரைக் குறை கூற நமக்கு மனம் வரவில்லை. அடுப்பு எரியவேண்டுமே.

1890இல் சோதிராவ் மறைந்தபோது, கொள்ளிச்சட்டியை அன்னையே ஏந்தி நடந்தார். 1897இற் புனேயில் பிளேக்கு நோய் பரவிற்று. மகனின் மருத்துவமனைக்கு நோயாளரைக் கொணர்ந்து பணிபுரிந்தார். நோயுற்ற மகார் சிறுவன் ஒருவனைத் தாமே சுமந்துவந்தார். அந்நோய் அவரையும் பற்றியது. மார்ச்சு 10ஆம் நாள் உயிர் நீத்தார்.