தையல் இயந்திரமும் எலியாஸ் ஹவ்வும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள ஸ்பென்சர் என்னும் சிற்றூரில் 1819 ஆம் ஆண்டு யூலை மாதம் 9 ஆம் திகதி எலியாஸ் ஹவ் பிறந்தார். தந்தையார் விவசாயி. சிறிய ஆலையொன்றும் வைத்திருந்தார். பிள்ளைகள் பலர் இருந்த அந்த வீட்டில் வருமானம் போதவில்லை. எனவே எலியாஸ் ஆறு வயதிலேயே சகோதரருடன் சேர்ந்து, பஞ்சு வாரும் தோற்பட்டைகளுக்குக் கம்பிப் பற்கள் பொருத்தும் வேலையைச் செய்தார். பிறவியிலேயே கால் ஊனமுற்றிருந்தமையால் வயல்வேலை அவருக்கு ஒத்துவரவில்லை. கருவிகளைக் கழற்றிப் பூட்டுவதிலேயே அவருடைய நாட்டம் சென்றது.

1835 இல் லோவல் நகரிலே நெசவாலை இயந்திரங்கள் செய்யும் தொழிற்சாலையொன்றில் வேலை பழகுநராகச் சேர்ந்தார். 1837 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியால் அந்த ஆலை மூடப்படவே, வேலை தேடிக் கேம்பிரிட்ஜுக்கும் பின்னர் பொஸ்டன் நகருக்கும் போனார். பொஸ்டனில் ஆரி டேவிஸ் என்பவர் கடலோடிகளுக்கும் விஞ்ஞானிகளுக்கும் வேண்டிய நுண்கருவிகளைச் செய்து திருத்தும் பட்டறை ஒன்றை நடத்தினார். அங்கே வேலை செய்த நாட்களில், தைக்கக்கூடிய ஓர் இயந்திரத்தை எவராவது செய்தால் அவர் பெருஞ் செல்வராவார் என்று பட்டறையில் நடந்த உரையாடலொன்று இளைஞர் ஹவ்வின் காதில் விழுந்தது. பேசியவர்கள் அதை மறந்திருப்பார்கள். ஹவ் மறக்கவில்லை.

1841 இல் எலிசபெத் எய்ம்ஸ் என்னும் பெண்ணை மணந்தார். மூன்று பிள்ளைகள் பிறந்தனர். வாரக்கூலி ஒன்பது டொலர் மாத்திரமே. நாள் முழுவதும் நின்று வேலை செய்துவிட்டு வரும் ஹவ், உண்ணவும் தெம்பில்லாமல் படுத்துவிடுவார். குடும்பச் செலவை ஈடுசெய்ய எலிசபெத் கூலிக்குத் துணி தைத்தார். படுக்கையிலிருந்தவாறே மனைவியின் கைகள் போய்வரும் விதத்தை ஹவ் மணிக்கணக்காகக் கவனித்திருந்தார் என்பர்.

அவருடைய முதல் முயற்சி தோற்றதற்கும் அந்தக் கவனிப்பே காரணம் எனலாம். மனைவியின் கை செய்ததை அப்படியே இரும்பு செய்ய வேண்டுமென்று எண்ணினார். இரு முனையும் கூராகவும் நடுவில் காதுள்ளதாகவும் ஓர் ஊசியைச் செய்து, அதைத் துணியின் இருபுறமும் மாறிமாறி ஊடுருவச் செய்தார். நல்ல தையல் விழவில்லை. கையால் தைக்கும்போது ஊசி முழுவதும் துணியைக் கடந்து மறுபக்கம் போகிறது. விரல்கள் அதைப் பிடித்துத் திருப்பி அனுப்புகின்றன. இயந்திரத்துக்கு விரல் இல்லை. கையைப் பார்த்து நடிப்பதை விட்டு, இயந்திரத்துக்கு இயல்பான வேறொரு தையலைத் தேட வேண்டும் என்பது 1844 ஆம் ஆண்டளவில் அவருக்குத் தெளிவாயிற்று.

அதற்கு விடை அவர் பழகிய தொழிலிலேயே கிடந்தது. நெசவுத் தறியில் பாவு நூல்களின் இடையே நாடா ஓடி ஊடை நூலை விட்டுச் செல்வதைக் கல்முனைக்கு வடக்கே மருதமுனையில் தறி பார்த்த மாணவர் அறிவர். அதே நாடாவைச் சிறிதாக்கித் துணியின் மறுபக்கத்தில் ஓடவிட்டார் ஹவ். ஊசியின் காதை அடியிலிருந்து எடுத்துக் கூர் முனைக்கு அருகே வைத்தார். ஊசி நூலுடன் துணியைத் துளைத்துச் சற்றே பின்வாங்கும்போது மறுபக்கத்தில் நூல் சிறு வளையமாகத் தளர்கிறது. அந்த வளையத்தினூடே நாடா இரண்டாவது நூலைக் கொண்டு செல்கிறது. ஊசி திரும்பியதும் இரு நூல்களும் துணியின் நடுவில் ஒன்றையொன்று பூட்டிக்கொள்கின்றன. இதுவே பூட்டுத் தையல் எனப்படுகிறது. ஒரே நூலால் விழும் சங்கிலித் தையலை முனையில் பிடித்து இழுத்தால் சரசரவென்று பிரிந்துவிடும். பூட்டுத் தையல் அப்படிப் பிரியாது.

முனையில் காதுள்ள ஊசியை ஹவ் கனவில் கண்டார் என்றொரு கதை உண்டு. ஓர் அரசன் அவருக்கு மரண தண்டனை விதித்ததாகவும், காவலர் ஏந்திய ஈட்டிகளின் நுனியில் துளை இருந்ததாகவும் சொல்வர். இது அவர் குடும்பத்தார் வழியாக வந்த கதை. சுவையானதுதான். ஆனால் விடைத்தாளில் அதைக் கண்டுபிடிப்பின் காரணமாக எழுதிவிட வேண்டாம். அத்தகைய ஊசியை நியூயோர்க்கைச் சேர்ந்த வோல்டர் ஹன்ட் 1830 களிலேயே தம் இயந்திரத்தில் பயன்படுத்தியிருந்தார். தையல் வேலையால் பிழைக்கும் பெண்கள் தொழில் இழப்பார்களே என்று மகள் வருந்தியதால், ஹன்ட் அதற்கு ஆக்கவுரிமை கேட்காமலே விட்டுவிட்டார் என்பர். ஆக்கவுரிமை என்பது, கண்டுபிடித்தவரின் அனுமதியின்றிக் குறித்த காலத்துக்கு வேறெவரும் அப்பொருளைச் செய்யவோ விற்கவோ கூடாது என்று அரசு வழங்கும் உரிமையாகும்.

1844 இன் இறுதியில் ஜோர்ஜ் பிஷர் என்னும் பழைய பள்ளித் தோழர் கைகொடுத்தார். ஹவ்வின் குடும்பத்துக்குத் தம் வீட்டில் இடமும் உணவும் தந்து, கருவிகளுக்காக 500 டொலரும் கொடுத்தார். வருமானத்தில் பாதி அவருக்கு என்பது உடன்பாடு. 1845 இல் இயந்திரம் தைத்தது. அவ்வருடமே தமக்கொன்றும் பிஷருக்கொன்றுமாக இரண்டு கம்பளி உடைகளை ஹவ் அதில் தைத்து முடித்தார். பின்னர் பொஸ்டனில் பொதுமக்கள் முன்னிலையில் கைத்தையலில் தேர்ந்த ஐந்து பெண்களுடன் போட்டிக்கு அமர்ந்தார். அவர்களுக்கு ஆளுக்கொரு மடிப்பும் அவருக்கு ஐந்தும் கொடுக்கப்பட்டன. நிமிடத்துக்குச் சுமார் 250 தையல் போட்ட இயந்திரம் முதலில் முடித்தது. 1846 செப்டெம்பர் 10 ஆம் திகதி 4750 ஆம் இலக்க ஆக்கவுரிமையும் கிடைத்தது.

ஆனால் ஒரு இயந்திரமேனும் விற்கவில்லை. விலை 300 டொலர். ஹவ்வின் எட்டு மாதக் கூலிக்குச் சற்றுக் குறைவு. விலை மட்டுமன்றி, தங்கள் பிழைப்புப் போய்விடும் என்ற தையற்காரரின் அச்சமும் தடையாயிற்று. அந்த அச்சம் எவ்வளவு வலியது என்பதைப் பிரான்சில் பார்த்தேலமி திமோனியே முன்னரே அனுபவித்திருந்தார். இராணுவச் சீருடை தைத்துக் கொண்டிருந்த அவருடைய சுமார் 80 இயந்திரங்களைப் பாரிஸ் நகரத் தையற்காரர்கள் 1831 இல் புகுந்து நொறுக்கினர். அவர்களை அறிவிலிகள் என்று ஒதுக்கிவிடுவது எளிது. அன்றைய கூலியில் வாழ்ந்த ஒருவனுடைய இடத்திலிருந்து பார்த்தால் அப்படிச் சொல்ல மனம் வராது.

அமெரிக்கா கைவிடவே ஹவ்வின் சகோதரர் அமாசா இயந்திரத்தை இலண்டனுக்குக் கொண்டு சென்றார். மார்புக்கச்சு, குடை, காலணி முதலியவை செய்வித்து விற்ற வில்லியம் தோமஸ் என்பவர் 250 பவுணுக்கு அதன் ஆங்கில உரிமையை வாங்கிக்கொண்டார். 1847 இல் ஹவ்வும் இலண்டன் சென்று, மார்புக்கச்சுத் தைப்பதற்கு ஏற்ப இயந்திரத்தைத் திருத்தும் வேலையில் தோமஸிடம் அமர்ந்தார். வேலை முடிந்ததும் இருவருக்கும் பிணக்கு ஏற்பட்டது. வேலை போயிற்று. நோயுற்ற மனைவியையும் பிள்ளைகளையும் ஊருக்கு அனுப்பிவிட்டு, ஹவ் தம் இயந்திரத்தையும் ஆக்கவுரிமைப் பத்திரத்தையும் அடகு வைத்தார். கப்பலில் பயணிகளுக்குச் சமையல் செய்து தம் பயணத்தைக் கழித்து, 1849 இல் ஏறக்குறைய வெறுங்கையுடன் நியூயோர்க்கில் இறங்கினார். கேம்பிரிட்ஜில் எலிசபெத் சயரோகத்தால் மரணப் படுக்கையில் இருந்தார். அங்கு போவதற்கே கையில் பணமில்லை. தந்தையார் அனுப்பிய பத்து டொலர் வந்த பின்பே பயணப்பட முடிந்தது. இறுதிக் கிரியையில் கலந்துகொள்ள நல்ல உடை இல்லாமல் இரவல் உடை உடுத்தினார். உடை தைக்கும் இயந்திரத்தைச் செய்தவருக்கு நேர்ந்த நிலை அது.

அவர் இல்லாத இரண்டு ஆண்டுகளில் அமெரிக்காவில் வேறு பலர் தையல் இயந்திரம் செய்து விற்கத் தொடங்கியிருந்தனர். அவர்களுள் ஐசாக் சிங்கர் முதன்மையானவர். 1851 இல் ஆக்கவுரிமை பெற்ற அவருடைய இயந்திரத்தில் ஊசி நேராக நின்று மேலும் கீழும் இயங்கியது. துணி கிடையான மேசையில் படுத்திருக்க, ஒரு பாதம் அதை அழுத்திப் பிடித்தது. ஹவ்வின் இயந்திரத்திலோ துணியைத் தகட்டு முள்ளில் தொங்கவிட வேண்டும். தகட்டின் நீளம் முடிந்ததும் கழற்றி மீண்டும் மாட்ட வேண்டும். சிங்கருடையது வசதியானது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் முனையில் காதுள்ள ஊசியும் நாடாவும் சேர்ந்து பூட்டுத் தையல் போடும் முறைக்கு ஹவ்வே உரிமையாளர். ஹவ் வழக்குத் தொடுத்தார். சிங்கர் தரப்பு வோல்டர் ஹன்டின் பழைய இயந்திரத்தைத் தேடிப்பிடித்துச் சான்றாகக் காட்டிற்று. ஹன்ட் உரிய காலத்தில் உரிமை கோராதமையால் அது எடுபடவில்லை. 1854 இல் ஹவ் வென்றார்.

அத்துடன் பிணக்குகள் தீரவில்லை. ஒவ்வொரு உற்பத்தியாளரிடமும் இயந்திரத்தின் ஏதோ ஒரு பகுதிக்கு உரிமை இருந்தது. மற்றவரின் பகுதியின்றி எவராலும் நல்ல இயந்திரம் செய்ய இயலாது. 1856 இல் சிங்கர் உள்ளிட்ட மூன்று நிறுவனங்களும் ஹவ்வும் உரிமைகளை ஒன்றாக்கி ஒரு கூட்டை அமைத்தனர். விற்பனையாகும் இயந்திரம் ஒன்றுக்கு 5 டொலர் வீதம் ஹவ்வுக்கு வந்தது; 1860 இன் பின் அது 1 டொலராகக் குறைந்தது. எனினும் மொத்தத்தில் சுமார் 20 இலட்சம் டொலர் பெற்றார் என மதிப்பிடுவர். சிங்கர் நிறுவனம் தவணை முறையில் பணம் செலுத்தி வாங்கும் வசதியைக் கொண்டுவந்ததும் அதே 1856 இல்தான். ஏழைக் குடும்பத்து வாசலுக்கு இயந்திரத்தைக் கொண்டு சேர்த்தது அந்தத் தவணைதான். 1877 இல், கூட்டின் உரிமைகள் காலாவதியான அதே ஆண்டில், சிங்கர் நிறுவனம் இலங்கையிலும் வியாபாரத்தைத் தொடங்கியது. நம் நாட்டில் தையல் மெசின் என்றாலே சிங்கர் என்றாகி, ஹவ்வின் பெயர் மறைந்துபோனது.

இயந்திரங்களைக் குறைகூறிய காந்தியடிகள் 1924 இல் தையல் இயந்திரத்துக்கு விலக்களித்தார். மனைவி படும் சிரமம் பொறாமல் அன்பினால் சிங்கர் அதனைச் செய்தார் என்பது அவர் சொன்ன காரணம். சிங்கரின் இல்வாழ்க்கையை அறிந்தோர் இதைக் கேட்டுப் புன்னகைப்பர். எலிசபெத்தின் கையைப் பார்த்துப் பார்த்து உழைத்த ஹவ்வுக்கே அக்கதை கூடுதலாகப் பொருந்தும்.

கையால் 14 மணி 26 நிமிடம் எடுத்த ஆண்கள் மேற்சட்டை ஒன்று இயந்திரத்தால் 1 மணி 16 நிமிடத்தில் முடிந்ததாக 1861 இல் ஓர் அமெரிக்க நிறுவனம் கணக்கிட்டுக் காட்டியது. மிஞ்சிய பதின்மூன்று மணித்தியாலங்கள் யாருக்குச் சேர்ந்தன என்பதே கேள்வி. கூலிக்குத் தைத்த பெண்களுக்கு ஓய்வு கூடவில்லை. தைக்க வேண்டிய சட்டைகளே கூடின. 1977 இன் பின் இலங்கையில் பெருகிய ஆடைத் தொழிற்சாலைகளில் ஒருவர் கைப்பட்டி மட்டும், இன்னொருவர் கழுத்துப்பட்டி மட்டும் என்று நாள் முழுவதும் தைப்பதை மாணவர் நினைத்துப் பார்க்கலாம். சொந்த வீட்டுக்குத் தைத்தவருக்கோ அந்த நேரம் உண்மையாகவே மிஞ்சியது. பூத்தையலும் துண்டுத்துணி விரிப்பும் மெசினில் பொழுதுபோக்காக வளர்ந்தமைக்கு இதுவும் ஒரு காரணம்.

மட்டக்களப்பு - பதுளை வீதியில் செங்கலடிக்கு மேற்கே உள்ள கரடியனாறு போன்ற வயலூரில், விறாந்தையில் கிடக்கும் கால்மெசினில் ஹவ்வின் தையலை இன்றும் சோதித்துப் பார்க்கலாம். மேலே வெள்ளை நூலும் பொபினில் சிவப்பு நூலும் இட்டு ஒரு துண்டுத் துணியில் தையுங்கள். மேற்பக்கம் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால் மேல்நூல் அளவுக்கு மிஞ்சி இறுகியுள்ளது. கீழ்ப்பக்கம் வெள்ளை தெரிந்தால் தளர்ந்துள்ளது. இரு நிறமும் தத்தம் பக்கத்திலேயே நின்றால் பூட்டுத் துணியின் நடுவில் விழுகிறது என்று பொருள்.

பூத்தையலுக்குத் துணியை நகர்த்தும் பற்களைத் தாழ்த்தி, அல்லது தகட்டால் மூடி, பாதத்தைக் கழற்ற வேண்டும். அப்போது துணி தானாக நகராது. வட்டச் சட்டத்தை இரு கையாலும் பிடித்து நாமே நகர்த்த வேண்டும். சட்டத்தில் துணியை இறுக்கும்போது கைத்தையலுக்கு மாறாக, துணி மெசின் தளத்தைத் தொடுமாறு கீழ்ப்பக்கமாக அமைய வேண்டும். விரலை ஊசிக்கு அண்மையில் கொண்டுபோகக் கூடாது. பாதம் இல்லாவிட்டாலும் அதன் நெம்பைக் கீழே இறக்கிவிட வேண்டும். இறக்காவிடின் மேல்நூல் இறுக்கம் பெறாமல் துணிக்கடியில் குருவிக்கூடுபோல நூல் திரளும். புதிதாகப் பழகுவோர் பலர் மெசின் பழுது என்று எண்ணுவது இந்த இடத்தில்தான். துண்டுத்துணி விரிப்பு தைப்போர் மேல்துணி, பஞ்சு, அடித்துணி என்னும் மூன்றையும் முதலில் நடுவிலிருந்து வெளிப்புறமாக நூலோட்டிக்கொண்டால் சுருக்கம் விழாது.

ஹவ் செல்வரான பின்பு 1862 இல், உள்நாட்டுப் போரின்போது, கனெக்டிகட் மாநிலத்தின் 17 ஆம் படைப்பிரிவில் சாதாரணப் படைவீரராகச் சேர்ந்தார். ஊனமுற்ற காலுடன் தபால் கொண்டுவந்து கொடுக்கும் வேலையைச் செய்தார். அரசாங்கத்திடமிருந்து சம்பளம் தாமதித்தபோது படைப்பிரிவு முழுவதற்குமான பணத்தைத் தாமே முன்பணமாகக் கொடுத்துதவினார். 1867 ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் தங்கப் பதக்கம் பெற்றார். அவ்வாண்டு செப்டெம்பரில் அவருடைய ஆக்கவுரிமை முடிவடைந்தது. ஒக்டோபர் 3 ஆம் திகதி புரூக்ளினில், 48 ஆவது வயதில், அவர் காலமானார். ஆக்கவுரிமைக்காக அவர் கொடுத்த மாதிரி இயந்திரம் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்து அருங்காட்சியகச் சேகரிப்பில் உள்ளது. அதன் ஊசி வளைந்தது. துணியை அழுத்தும் பாதம் அதில் இல்லை.