விலங்கொடித்த வித்தகர் ஹூடினி

1953-ஆம் ஆண்டில் பாரமவுண்ட் நிறுவனத்தார் 'ஹூடினி' என்னும் வண்ணப் படத்தை வெளியிட்டனர். டோனி கர்ட்டிஸ் மாயவித்தகர் ஹூடினியாகவும், அந்நாளில் வாழ்விலும் அவருடைய மனைவியாக இருந்த ஜேனட் லீ ஹூடினியின் துணைவியாகவும் நடித்தனர். படத்தின் இறுதியில், நீர் நிறைந்த பெட்டிக்குள் தலைகீழாகத் தொங்கும் ஹூடினி வெளிவர இயலாமல் மடிகிறார். அரங்கில் இருந்தோர் நெஞ்சை உருக்கிய காட்சி அது. அவர் அப்படித்தான் இறந்தார் என்று நம்பிச் சென்றவர்களும் மிகப் பலர். ஆனால் அது முழுக் கற்பனை.

அவருடைய இயற்பெயர் எரிக் வைஸ். 1874-ஆம் ஆண்டு மார்ச் 24-ஆம் நாள் ஹங்கேரி நாட்டின் புடாபெஸ்ட் நகரில் ஒரு யூத குருவின் மகனாகப் பிறந்தார். 1878-இல் குடும்பம் அமெரிக்காவில் குடியேறியது. பின்னாளில் அவர் தாம் அமெரிக்காவின் ஆப்பிள்டன் என்னும் ஊரிலேயே பிறந்ததாகச் சொல்லிக்கொண்டார். படக்காரர்களை மட்டும் குறை சொல்வானேன்? வறுமை காரணமாக நியூயார்க்கில் கழுத்துப்பட்டைத் தொழிற்சாலையில் துணி வெட்டும் வேலை பார்த்தார். பிரெஞ்சு மாயவித்தகர் ராபர்ட் ஊதேனின் வரலாற்றைப் படித்து மயங்கி, அவர் பெயரோடு ஓர் எழுத்தைச் சேர்த்துத் தம் மேடைப் பெயராக்கிக்கொண்டார். அதே ஊதேனைத் தாக்கி 1908-இல் ஒரு நூலும் எழுதினார் என்பது வேடிக்கை!

1894-இல் பெஸ் என்னும் மங்கையை மணந்தார். சில்லறைக் காட்சிகளில் இருவரும் அலைந்து திரிந்த பின்னர், 1899-இல் மார்ட்டின் பெக் என்னும் நாடகக் கொட்டகை அதிபர் கைகொடுத்தார். மற்ற வித்தைகளை விட்டுவிட்டுக் கைவிலங்கிலிருந்து விடுபடுவதையே முதன்மையாகச் செய்யுமாறு அவர் யோசனை கூறினார். அடுத்த ஆண்டே ஐரோப்பா முழுதும் ஹூடினியின் பெயர் பரவலாயிற்று. கொலோன் நகரில் ஒரு காவலர் அவரை ஏமாற்றுக்காரர் என்றார். ஹூடினி வழக்குத் தொடுத்து, நீதிமன்றத்தில் தம் திறமையைக் காட்டி 1902-இல் வென்றார்.

1904 மார்ச் 17-இல் லண்டன் ஹிப்போட்ரோம் அரங்கில் நடந்ததை இன்றும் பேசுகின்றனர். ஒரு செய்தித்தாள் அறைகூவலாக அளித்த விலங்கைச் செய்து முடிக்க ஒரு கொல்லருக்கு ஐந்தாண்டு பிடித்ததாம். சுமார் 4,000 பேர் கூடியிருந்தனர். மேல்சட்டையைக் கழற்றுவதற்காகச் சற்றே விலங்கை அவிழ்க்கும்படி வேண்டினார் ஹூடினி, மறுத்துவிட்டனர். உடனே பேனாக்கத்தியை எடுத்துப் பல்லால் பற்றிச் சட்டையைத் துண்டு துண்டாகக் கிழித்தெறிந்தார். அரங்கம் அதிர்ந்தது! ஒரு மணி நேரத்திற்கும் மேல் போராடி விடுபட்டார். இதுவே முன்னேற்பாடான நாடகம் என்பாரும் உளர். இருக்கலாம். எனினும் அன்றைக்கு அந்த மக்கள் பட்ட பதைப்பு பொய்யன்று.

தாயார் 1913-இல் மறைந்தபோது ஹூடினி ஐரோப்பாவில் இருந்தார். அத்துயரம் அவரை விட்டு அகலவேயில்லை. ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளைப் படைத்த கானன் டாயில் அவருடைய நண்பர். ஆவியுலகில் அசையாத நம்பிக்கை உடையவர். 1922-இல் டாயிலின் மனைவி, ஹூடினியின் தாயாரது ஆவி எழுதுவிப்பதாகக் கூறிப் பல பக்கங்கள் எழுதித் தந்தார். எழுத்து ஆங்கிலத்தில் இருந்தது. தலைப்பில் சிலுவைக் குறி. யூத குருவின் மனைவியான அந்த அம்மையாருக்கு ஆங்கிலம் எழுதத் தெரியாது! நட்பு முறிந்தது. அதன்பின் மாறுவேடத்தில் சென்றும் மேடையில் செய்து காட்டியும் ஆவி பேசும் கூட்டத்தாரின் தந்திரங்களை ஹூடினி அம்பலப்படுத்தினார். அவருக்கே தெய்விக ஆற்றல் உண்டு, அதை மறைக்கிறார் என்று டாயில் கடைசிவரை நம்பினார். தாம் செய்வது வித்தையே என்று வித்தைக்காரரே சொல்லியும் அறிஞர் ஒருவர் ஏற்கவில்லை!

1926 அக்டோபரில் மாண்ட்ரியல் நகருக்கு வந்த ஹூடினி, மெக்கில் பல்கலைக்கழக மாணவரிடையே இப்பொருள் பற்றியே உரையாற்றினார். சில நாள் கழித்து ஒப்பனை அறையில் படுத்திருந்தவரின் வயிற்றில், எந்தக் குத்தையும் அவர் தாங்குவார் என்ற பேச்சைக் கேட்டிருந்த மாணவர் ஒருவர் பலமுறை குத்தினார். வலியோடு டெட்ராய்ட் சென்று, கடுங்காய்ச்சலுடன் மேடையேறினார். அறுவை செய்தபோது குடல்வால் வெடித்து நஞ்சு பரவியிருந்தது. குத்தே காரணமா, முன்பே நோய் இருந்ததா என்பது இன்றும் வழக்கில் உள்ளது. பெனிசிலின் கண்டறியப்பட்டது 1928-இல். அக்டோபர் 31-இல், 52-ஆம் வயதில் ஹூடினி காலமானார்.

திரையில் வந்த மரணத்தைவிட இது துன்பம் மிக்கதாகவே எனக்குத் தோன்றுகிறது. தண்ணீர்ப் பெட்டியிலிருந்து 1912 முதல் தவறாமல் வெளிவந்தவர் அதனுள்ளே தோற்றார் எனக் காட்டியது, அவர் தொழிலுக்கே இழைத்த அநீதி எனலாம்.

ஆவி என ஒன்று இருப்பின் தாமே வந்து குறிப்புச் சொல்வதாக அவர் மனைவியிடம் கூறியிருந்தார். பெஸ் ஆண்டுதோறும் அந்நாளில் காத்திருந்தார். 1936-இல் ஹாலிவுட்டில் ஒரு விடுதியின் மொட்டைமாடியில் கடைசியாக அழைத்துப் பார்த்தனர். மறுமொழி இல்லை. பத்தாண்டுகளாகக் கணவர் படத்தருகே எரியவிட்டிருந்த விளக்கைப் பெஸ் அணைத்தார். 1943-இல் அவரும் மறைந்தார்; படம் வெளிவரப் பத்தாண்டுகள் இருந்தன.