ரத்தப் புற்றுநோயை எதிர்த்த டாக்டர் சுப்பாராவ்

பரீட்சையில் இரண்டு முறை தோற்றவர். ஆனால் நோயிடம் தோற்க மறுத்தவர். புற்றுநோய்க்கு உலகமெங்கும் கொடுக்கப்படும் ஒரு மருந்து பிறக்கக் காரணமானவர். அவர்தான் டாக்டர் எல்லாப்பிரகத சுப்பாராவ்.

அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில், 1895-ம் ஆண்டு ஜனவரி 12-ந் தேதி பிறந்தார். ஏழைக் குடும்பம். சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து, மூன்றாவது முயற்சியில் மெட்ரிகுலேஷன் தேறினார். பிறகு சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார்.

கதர் உடையால் வந்த வினை

காந்தியடிகளின் அழைப்பை ஏற்று, கதர் அங்கி அணிந்து அறுவைச் சிகிச்சை வகுப்புக்குப் போனார். வெள்ளைக்காரப் பேராசிரியருக்குக் கோபம் வந்தது. எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை. அதற்குக் கீழான எல்.எம்.எஸ். பட்டமே கிடைத்தது.

வீட்டிலும் இடி விழுந்தது. 'ஸ்புரூ' என்ற குடல் நோய் அவருடைய சகோதரர்கள் இருவரைப் பலிகொண்டது. உண்ட உணவின் சத்து உடம்பில் ஒட்டாமல், ரத்தம் குறைந்துபோகும் நோய் அது. அதற்கு மருந்து தேடி அவர் அமெரிக்கா சென்றார். பாஸ்டன் நகர ஆஸ்பத்திரியில் இரவு நேரத்தில் மலஜலப் பாத்திரங்களைக் கழுவிப் பிழைத்தார். பகலில் ஹார்வர்டில் படித்தார். தாய்நாட்டுக்கு அவர் திரும்பவே இல்லை.

ஊட்டும் சத்து, தடுக்கும் மருந்து

1940-ல் லெடர்லி மருந்துக் கம்பெனியில் சேர்ந்தார். 1945-ல் அவருடைய குழுவினர் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தனர். கீரைகளில் உள்ள இந்தச் சத்து புதிய ரத்தம் ஊற உதவுகிறது. ஸ்புரூ நோயாளிகளின் ரத்தசோகைக்கும் இது மருந்தாயிற்று.

பாஸ்டனில் டாக்டர் சிட்னி பார்பர், ரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்கு இந்த வகைச் சத்தைக் கொடுத்துப் பார்த்தார். அந்தோ! நோய் முன்னிலும் வேகமாக வளர்ந்தது.

சத்தைக் கொடுத்தால் நோய் வளர்கிறது. தடுத்தால்? சுப்பாராவின் குழுவினர், அதே சத்தைப் போலத் தோன்றி அதன் வேலையைத் தடுக்கும் பொருள்களைச் செய்தனர். அவற்றில் ஒன்று அமினோப்டெரின். பார்பர் அதை 16 குழந்தைகளுக்குக் கொடுத்தார். 10 பேருக்கு நோய் தணிந்தது. சில மாதங்களில் அது திரும்பி வந்தது உண்மையே. ஆனாலும் மருந்தால் இந்த நோயைப் பின்வாங்க வைக்கலாம் என்பது தெரிந்துவிட்டது.

இந்த முடிவு 1948 ஜூனில் வெளியாயிற்று. இரண்டு மாதத்தில், ஆகஸ்டில், 53-வது வயதில் சுப்பாராவ் தூக்கத்திலேயே காலமானார்.

அதே குடும்பத்து மருந்தான மெதோட்ரெக்ஸேட் இன்றும் நிலைத்து நிற்கிறது. வேறு மருந்துகளோடு சேர்த்துக் கொடுக்க, குழந்தைகள் பலர் ரத்தப் புற்றுநோயிலிருந்து முழுக் குணம் அடைகிறார்கள். சிறிய அளவில், வாரம் ஒரு முறை, மூட்டுவாதத்துக்கும் சொரியாசிஸ் தோல் நோய்க்கும் இதையே கொடுக்கிறார்கள். டாக்டர் சொல்லாமல் தொடக்கூடாத கடுமையான மருந்து இது.

1995-ல் இந்திய அரசு அவருக்குத் தபால்தலை வெளியிட்டது. சகோதரர்களைக் காக்க முடியாமல் போனவர், முகம் அறியாத குழந்தைகளுக்கு உயிர்ப்பிச்சை அளித்தார்!