சிப்பாய் வீட்டுப் பிள்ளை

பட்டர்வொர்த்தில் பெர்ரி ஏறிப் பினாங்குத் தீவில் இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால், பழைய கோட்டைக்குப் பக்கத்தில் கடலோரமாக ஒரு பச்சைத் திடல் இருக்கிறது. வெயில் தாழ்ந்தால் அங்கே பிள்ளைகள் ஓடி ஆடும். ஒரு நாள் நாம் அங்கே நின்றுகொண்டிருந்தபோது, செபராங் பிறைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து சாமான் வாங்க வந்த அண்ணன் ஒருவர் மகனோடு வந்து பேச்சுக் கொடுத்தார். பையன் பள்ளிக்கூடம் விட்டதும் ஹாக்கி மட்டையும் கையுமாய் அலைகிறானாம். பொழுது சாய்ந்துதான் வீட்டுக்கு வருகிறானாம். செம்பனைக் காட்டில் பிறந்தவனுக்கு மட்டை எதற்கு, இது சோறு போடுமா என்று அண்ணன் ஒரு மூச்சு குறைபட்டுக்கொண்டார். பையன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

அந்த அண்ணனுக்கு நாம் சொன்ன கதையை இன்று உங்களுக்கும் சொல்கிறோம். ஹாக்கி உலகில் தியான் சந்த் என்ற பெயரைக் கேள்விப்படாதவர் இல்லை. ஆனால் அவர் எங்கிருந்து வந்தார், எப்படிப் போய்ச் சேர்ந்தார் என்பது பலருக்குத் தெரியாது.

1905-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29-ஆம் நாள், வட இந்தியாவில் அலகாபாத்தில் பிறந்தார். தகப்பனார் வெள்ளைக்காரன் பட்டாளத்தில் வேலை பார்த்தவர். பட்டாளத்துக்காரன் பிழைப்பு நமக்குத் தெரியாததா? இன்றைக்கு ஓர் ஊர், நாளைக்கு வேறோர் ஊர். தோட்டம் விட்டுத் தோட்டம் மாறிப் போகும் குடும்பத்துப் பிள்ளைகளின் படிப்பு என்ன ஆகுமோ, அதுதான் அவருக்கும் ஆனது. ஆறு வருஷத்தோடு பள்ளிக்கூடம் நின்றது. கடைசியில் ஜான்சி என்ற ஊரில் குடும்பம் நிலைத்தது. சின்ன வயதில் அவருக்குக் குஸ்தியில்தான் ஆசை. ஹாக்கியைப் பெரிதாக நினைத்ததே இல்லை.

1922-இல் தகப்பன் வழியிலேயே பட்டாளத்தில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தார். அங்கேதான் விதி திரும்பியது. போலே திவாரி என்ற சுபேதார் மேஜர் ஒருவர் ஹாக்கிப் பைத்தியம். இந்தப் பையனைக் கூப்பிட்டு, மட்டையைக் கையில் கொடுத்து, ஆட்டத்தின் அரிச்சுவடியைச் சொல்லிக் கொடுத்தார். அந்த ஒரு மனிதர் அன்றைக்குக் கூப்பிடாமல் போயிருந்தால், உலகம் கண்ட அந்தப் பெரிய ஆட்டக்காரர் பேர் தெரியாத சிப்பாயாகவே காலத்தை ஓட்டியிருப்பார்.

பகலெல்லாம் பட்டாள வேலை. மட்டையைத் தொட வேலை முடிந்த பிறகுதான் நேரம். அந்தக் காலத்தில் திடலில் ஏது மின்விளக்கு? நிலா வெளிச்சத்தில் தனியாகப் பந்தை உருட்டிப் பழகினாராம். தியான் சிங் என்ற பெயர் தியான் சந்த் ஆனது அதனால்தான் என்று சொல்வார்கள். வடக்கே சந்த் என்றால் சந்திரன். விடியுமுன்னே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டில் பால்மரம் வெட்டியவர்கள் நம் மக்கள். வெளிச்சம் வரட்டும் என்று காத்திருக்காதவனின் அருமை நமக்கு நன்றாகவே புரியும்.

1926-இல் இந்தியப் பட்டாளக் குழு நியூசிலாந்துக்குப் போனது. 21 ஆட்டத்தில் 18 வெற்றி, 2 சமம், ஒன்றே ஒன்று தோல்வி. திரும்பி வந்த சிப்பாய்க்கு லான்ஸ் நாயக் பதவி உயர்வு கிடைத்தது.

அடுத்தது 1928, ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக். இந்தியக் குழு பம்பாயில் கப்பல் ஏறியபோது வழியனுப்ப வந்தவர்கள் மொத்தமே மூன்று பேர்! குழுத் தலைவர் ஜெய்பால் சிங், ராஞ்சிப் பக்கத்து முண்டா பழங்குடிக் கிராமத்தில் பிறந்து ஆக்ஸ்போர்டு வரை போய்ப் படித்தவர். அவருடைய மக்கள்தாம் ஆயிரக்கணக்கில் அசாம் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போனவர்கள். ஆக, அந்தக் குழுவின் தலைவரும் நம்மைப் போன்ற சனங்களிலிருந்து வந்தவர்தான். ஐந்து ஆட்டத்தில் இந்தியா போட்ட கோல் 29. அதில் 14 தியான் சந்துடையது. வாங்கிய கோல் ஒன்றுகூட இல்லை. தங்கத்தோடு திரும்பியபோது பம்பாய்த் துறைமுகத்தில் கூட்டம் அலைமோதியது. போகும்போது மூன்று பேர், வரும்போது ஊரே திரண்டது. உலகம் இப்படித்தான்!

1932-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்குக்கு முன்னே நடந்த மாநிலப் போட்டிக்குப் போக அவருக்கு விடுப்பே கிடைக்கவில்லை. விடுப்புக் கேட்டு ஆபீஸ் வாசலில் கால் கடுக்க நின்றவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் ஹாக்கிச் சங்கம் அவர் திறமையை அறிந்திருந்ததால், சோதனை ஆட்டம் இல்லாமலே தேர்ந்தெடுத்தது. தம்பி ரூப் சிங்கும் அந்தக் குழுவில் இடம் பிடித்தார். ஹாக்கிக்கு அந்த முறை வந்தவை மூன்றே நாடுகள். அமெரிக்காவை இந்தியா 24-1 என்று வென்றது. அதில் தம்பி பத்து, அண்ணன் எட்டு. ஜப்பான் 11-1 என்று தோற்றது.

1936-இல் பெர்லினில் தியான் சந்தே குழுத் தலைவர். பயிற்சி ஆட்டத்தில் ஜெர்மனியிடம் 4-1 என்று தோற்றுப் போனார்கள். அந்த அடி அவர் மனத்தில் ஆழமாக இறங்கிவிட்டது. இறுதி ஆட்டத்தில் எதிரே நின்றதும் அதே ஜெர்மனிதான். மழையால் ஆட்டம் ஒரு நாள் தள்ளிப்போய் ஆகஸ்ட் 15-இல் நடந்தது. ஆடப் போகுமுன் உடைமாற்றும் அறையில் குழுவின் உதவி நிர்வாகி பங்கஜ் குப்தா காங்கிரஸ் மூவர்ணக் கொடியை எடுத்துக் காட்ட, எல்லாரும் அதற்கு வணக்கம் செலுத்தினார்கள். வெளியே அவர்கள் பிரிட்டிஷ் கொடியின் கீழ் ஆட வேண்டியவர்கள்!

ஈரத் திடலில் முதல் பாதியில் ஒரு கோல்தான் விழுந்தது. இடைவேளைக்குப் பிறகு தியான் சந்த் ஆணி வைத்த பூட்சைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடினார். அதற்கப்புறம் கேட்பானேன்! முடிவு 8-1. ஹிட்லர் அவரைக் கூப்பிட்டுப் பேசினார், பட்டாளப் பதவி தருகிறேன் என்றார் என்றெல்லாம் ஆளுக்கொரு விதமாகக் கதை சொல்வார்கள். கதை கிடக்கட்டும், கணக்கைப் பாருங்கள். மூன்று ஒலிம்பிக்கில் 12 ஆட்டம். இந்தியா போட்டது 102 கோல், வாங்கியது மூன்றே மூன்று. பதினோரு வருஷம் கழித்து அதே ஆகஸ்ட் 15-இல் இந்தியா சுதந்திரம் அடைந்தது.

1952-இல் அவர் தம் வாழ்க்கையை எழுதினார். அதை வெளியிட்டது சென்னையில் நடந்த ஸ்போர்ட் அண்ட் பாஸ்டைம் என்ற விளையாட்டு ஏடு. 1956-இல் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றார். அதே ஆண்டு பத்ம பூஷண் விருதும் வந்தது. சிப்பாயாகச் சேர்ந்தவரை ஊரே மேஜர் என்று மரியாதையாக அழைத்தது.

இனிச் சொல்லப் போவதுதான் மனத்துக்குக் கஷ்டம். விருது வயிற்றை நிரப்பாது. ஜான்சியில் கடைசிக் காலத்தைக் கைநெருக்கடியில்தான் கழித்தார். ஒரு முறை ஹாக்கிப் போட்டி பார்க்கப் போனவரை, யாரென்று தெரியாமல் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள்! ஈரலில் புற்றுநோய் கண்டு, 1979-ஆம் ஆண்டு டிசம்பர் 3-ஆம் நாள் டில்லி ஆஸ்பத்திரியின் பொது வார்டில் கண்ணை மூடினார். அவர் பிறந்த நாளை இந்தியா இப்போது தேசிய விளையாட்டு நாளாகக் கொண்டாடுகிறது. 2021-இல் அந்நாட்டின் மிகப் பெரிய விளையாட்டு விருதுக்கும் அவர் பெயரையே வைத்தார்கள். இருக்கும்போது ஒரு வாய்க் கஞ்சிக்கு உதவாத கை, போன பிறகு மாலை போட ஓடி வருகிறது.

அவருடைய மகன் அசோக் குமாரை நம் நாட்டுப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1975 மார்ச்சில் கோலாலம்பூரில் நடந்த உலகக் கிண்ண ஹாக்கியில், அரையிறுதியில் இந்தியாவை நம் மலேசியக் குழு உலுக்கி எடுத்தது. கூடுதல் நேரம் வரை போராடி 3-2 என்றுதான் தோற்றோம். இறுதி ஆட்டத்தில் பாகிஸ்தானை வீழ்த்திய வெற்றிக் கோலைப் போட்டவர் அந்த அசோக் குமார். ஆனால் ஒன்று தெரியுமா? இந்த ஆட்டத்தில் காசு இல்லை என்று கண்ட தகப்பன், மகன் மட்டை பிடிப்பதை அவ்வளவாக விரும்பவில்லை. உலகமே புகழ்ந்த ஆட்டக்காரருக்கே, அந்தத் திடலில் நின்ற அண்ணனின் கவலைதான் இருந்தது!

ஆகவே அண்ணனின் கவலையை நாம் தப்பென்று சொல்லவில்லை. மட்டை மட்டும் சோறு போடாது. பிள்ளை படிக்கத்தான் வேண்டும். ஆனால் படிப்பைக் காட்டி மட்டையைப் பிடுங்கிவிடாதீர்கள். பாடத்தை முடித்துவிட்டுச் சாயங்காலம் ஒரு மணி நேரம் ஆடட்டும். அந்த நேரம் சாராயக் கடைப் பக்கமோ கெட்ட கூட்டத்தின் பக்கமோ அவன் கால் போகாது. அதுவே பெரிய லாபம் இல்லையா? தோட்டத்துத் திடல் புல் மண்டிக் கிடந்தால் ஞாயிற்றுக்கிழமை நாலு பேர் சேர்ந்து வெட்டி விடுங்கள். ஆட்டம் தெரிந்தவர் யாராவது லயத்தில் இருந்தால், போலே திவாரியைப் போல ஒரு பிள்ளையைக் கூப்பிட்டுக் கற்றுக் கொடுக்கட்டும்.

இன்னொன்றும் சொல்லி முடிக்கிறோம். ஒரு காலத்தில் தோட்டத்துக்கும் மாநிலத்துக்கும் ஆடிப் பெயர் வாங்கிக் கொடுத்தவர், இன்று முடியாமல் உங்கள் பக்கத்து வீட்டிலேயே படுத்திருக்கலாம். அவர் இருக்கும்போதே ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

பெர்ரிக்கு நேரமானதும் அண்ணன் சாமான் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். போகிற போக்கில், நல்ல மட்டை எந்தக் கடையில் கிடைக்கும், என்ன விலை ஆகும் என்று நம்மிடம் மெல்லக் கேட்டுவிட்டுத்தான் போனார்.