றோஸ்மேரியின் தங்கை

திருகோணமலை முற்றவெளியிலே, கோட்டைப்புறத்து மான்கள் மேய்ந்து திரியும் மாலை வேளைகளில், அறிவு வளர்ச்சி பிந்திய பிள்ளைகள் சிலருக்கு ஓட்டமும் பந்தெறிதலும் பழக்கும் தொண்டர்களுள் நானும் ஒருவன். முதல் நாளில் ஒரு சிறுவனின் கையைப் பற்றி இழுத்துக்கொண்டே ஓடினேன். எல்லைக் கோட்டை அடைந்ததும் அவன் அழுதான். ஓடியவன் நானேயன்றி அவனல்லன் என்பது விளங்க எனக்குச் சில வாரங்கள் சென்றன. இத்தகைய பயிற்சிகளுக்கு உலகெங்கும் வழி திறந்த யூனிஸ் கென்னடி ஷிறைவர் அம்மையாரின் வரலாற்றைத் தேடிப் படித்தது அதன் பின்னரே.

அமெரிக்காவின் மசசூசெட்ஸ் மாநிலத்திலே, 1921ஆம் ஆண்டில், ஒன்பது மக்களுள் ஐந்தாமவராக அவர் பிறந்தார். ஜனாதிபதி ஜோன் கென்னடி அவருடைய தமையன். ஆயினும் அம்மையாரின் வாழ்வை வகுத்தவர் அத்தமையனல்லர். அறிவு வளர்ச்சி பிந்தியிருந்த தமக்கை றோஸ்மேரியே. இளமையில் இருவரும் சேர்ந்து நீந்தினர். பாய்ப்படகுப் போட்டிகளுக்குச் சென்றனர். படகில் முன்பாயைக் கவனிப்பது றோஸ்மேரியின் பங்கு. அது எத்துணைப் பொறுப்பான வேலை என்பதைத் துறைமுகத்து ஊரவர்க்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

1941இல் தந்தையார் றோஸ்மேரிக்கு மூளையில் அறுவைச் சிகிச்சை செய்வித்தார். அப்போது அவருக்கு வயது 23. நடையும் பேச்சும் குலைந்தன. பின்னர் விஸ்கொன்சின் மாநிலத்து இல்லமொன்றில் விடப்பட்டார்; குடும்பத்தார் பல்லாண்டுகள் அவரைப் பற்றி வெளியிலே வாய் திறக்கவில்லை. விருந்தினர் வரும்போது ஓர் அறைக் கதவைச் சாத்தி வைக்கும் வீடுகள் நம்மூரிலும் உண்டு. 1962 செப்டெம்பரில் அம்மையாரே தமக்கையின் நிலையைப் பத்திரிகையில் எழுதி அக்கதவைத் திறந்தார். அறுவைச் சிகிச்சையைப் பற்றி மட்டும் அதில் ஒரு சொல்லும் இல்லை. அம்மௌனத்தை நான் குறையென்றே கருதுகிறேன்.

எனினும் அவ்வாண்டு ஜூன் மாதத்திலேயே, வேறு முகாம்கள் ஏற்க மறுத்த பிள்ளைகளைத் தம் மேரிலாந்து வீட்டுப் புல்வெளிக்கு அவர் வரவழைத்திருந்தார். ஏறக்குறையப் பிள்ளைக்கு ஒருவராக மாணவத் தொண்டர்களை அமர்த்தினார். தாமும் நீச்சற்குளத்தில் இறங்கினார். பிள்ளையால் இயலாததைக் குறிக்காமல், இயன்றதைக் கண்டுபிடிப்பதே தொண்டரின் வேலையாயிற்று. என் முதல் நாளை நினைத்து வெட்கினேன்.

1968 ஜூலை 20ஆம் நாள் சிக்காகோவிலே முதலாவது விசேட ஒலிம்பிக் விளையாட்டுகள் நிகழ்ந்தன. வந்த வீரர் சுமார் 1,000 பேர். பார்க்க வந்தோர் மிகச் சிலர். அந்நகரத்தில் இப்படியொரு விழா வேண்டுமென முதலில் முன்மொழிந்தவர் ஆன் பேர்க் என்னும் இளம் விளையாட்டு ஆசிரியை. பெரிய பெயரின் நிழலில் அவர் பெயர் மறைதல் நியாயமன்று. இன்று அவ்வியக்கத்தில் இலங்கையும் ஓர் அங்கம்.

றோஸ்மேரி 2005இலும் அம்மையார் 2009இலும் மறைந்தனர்.

என் சிறுவன் இப்போது தனியே ஓடுகிறான். பாதி வழியில் மான்களைக் கண்டால் நின்றுவிடுவான். நான் கோட்டுக்கு அப்பால் காத்திருக்கிறேன்.