யானை மேல உட்கார்ந்து காட்டை எண்ணின மனுஷன்



செட்டிநாட்டு வீட்டை நேர்ல பார்க்காதவங்க கூட சினிமாவுல கட்டாயம் பார்த்திருப்பீங்க. காரைக்குடி, கானாடுகாத்தான், எங்க நெற்குப்பைன்னு எந்த ஊருக்குப் போனாலும் முகப்புலயும் வளவுலயும் வரிசையா தேக்குத் தூண் நிக்கும். பர்மா தேக்குன்னு சொல்லும்போதே வீட்டுக்காரங்க குரல்ல ஒரு பெருமை தெரியும். பர்மாவுக்குக் கொண்டுவிக்கப் போன நகரத்தார் கப்பல்ல ஏத்திக் கொண்டுவந்த மரம் அது.

அந்தத் தூணைப் பார்க்கும்போது உங்களுக்கு ஒரு கேள்வி வரணும். ஒரு நல்ல தேக்கு இயற்கைக் காட்டுல பருத்து நிக்க 100 வருஷத்துக்கு மேல ஆகும். வெட்டறதோ அரை நாள் வேலை. கப்பலுக்கு, ரயில் பாதைக்கு, வீட்டுக்குன்னு வருஷாவருஷம் வெட்டிக்கிட்டே இருந்தும் பர்மாவுல தேக்கு எப்படி மிச்சமிருந்தது? வெட்டின காடு தானா திரும்பி வருமா?

இந்தக் கேள்விக்கு முதல்ல கணக்குப் போட்டு விடை தேடின ஒருத்தரோட கதைதான் இது. அவர் பேரு டீட்ரிச் பிராண்டிஸ்.

வாத்தியார் காட்டுக்குப் போன கதை

1824 மார்ச் 31 அன்று ஜெர்மனியில் பான் நகரத்துல பிறந்தார் பிராண்டிஸ். அப்பா தத்துவப் பேராசிரியர். இவர் தாவரவியல் படிச்சு, அதே ஊர்ப் பல்கலைக்கழகத்துல பாடம் நடத்திக்கிட்டு இருந்தார். காட்டு அதிகாரி ஆவோம்னு அவரே நினைச்சிருக்க மாட்டார்.

திருப்பம் கல்யாணத்துல வந்தது. மனைவி ரேச்சல், வங்காளத்துல செராம்பூர் மிஷனை நடத்தின ஜோஷுவா மார்ஷ்மனின் மகள். ரேச்சலின் அக்கா தங்கைகள்ல ஒருத்தர் ஹென்றி ஹேவ்லாக் என்ற ஆங்கிலேயப் படைத்தலைவரின் மனைவி. இந்தச் சொந்தம் வழியா பிராண்டிஸின் பேரு கவர்னர் ஜெனரல் டல்ஹௌசியின் காதுக்குப் போச்சு.

டல்ஹௌசிக்கு அப்போ ஒரு பெரிய தலைவலி. 1852 போர்ல பர்மாவின் பெகு பகுதியைப் பிடிச்சாச்சு. அதுக்கு முன்னாடியே, 1826ல கையில வந்த தெனாசெரிம் பகுதியில, மௌல்மீன் மர வியாபாரிகள் கட்டுப்பாடே இல்லாம வெட்டி நல்ல தேக்கை எல்லாம் காலி பண்ணிட்டாங்க. பெகுவும் அப்படியே போயிடக் கூடாது. ஆனா எவ்வளவு வெட்டலாம்னு யாருக்கும் தெரியாது. காட்டுல எத்தனை மரம் இருக்குன்னே தெரியாதபோது எப்படித் தெரியும்?

1856 தொடக்கத்துல பெகு காடுகளின் கண்காணிப்பாளரா பிராண்டிஸ் வேலையில சேர்ந்தார். வயசு 31.

நாலு குச்சி, ஒரு கத்தி

இப்போ ஒரு காட்டைக் கணக்கெடுக்கணும்னா நமக்கு செயற்கைக்கோள் படம் இருக்கு, டிரோன் இருக்கு. பிராண்டிஸ் கையில இருந்தது ஒரு யானை, நாலு மூங்கில் குச்சி, ஒரு பேனாக்கத்தி.

மலை முகட்டுல யானை மேல போவார். போற தடத்துக்கு இரண்டு பக்கமும் சுமார் 200 அடிக்குள்ள கண்ணுல படற ஒவ்வொரு தேக்குக்கும் குச்சியில ஒரு வெட்டு. ஒவ்வொரு குச்சியும் ஒரு பருமன் வகுப்பு: 6 அடி சுற்றளவும் அதுக்கு மேலயும் இருந்தா முதல் குச்சி, அதுக்குக் கீழ இரண்டாவது, அப்புறம் மூணாவது, கன்னுகளுக்கு நாலாவது. மழையில காகிதம் நனைஞ்சு கூழாகும், மூங்கில்ல வெட்டின வெட்டு அழியாது. சாயங்காலம் கூடாரத்துக்கு வந்து வெட்டுகளை எண்ணி நோட்டுல ஏத்திக்குவார். மலேரியாவுல விழுந்து எழுந்து, இதையே மாசக்கணக்கா செஞ்சார்.

நீங்க புள்ளியியல் பாடத்துல படிக்கிற மாதிரி எடுத்தல் இதுதானே! மொத்தக் காட்டையும் எண்ண முடியாது. நீளமான ஒரு பட்டையை எண்ணினா, அதை வச்சு மீதியை மதிப்பிடலாம்.

இன்னொரு எண்ணும் வேணும். இரண்டாம் வகுப்பு மரம் முதல் வகுப்பா வளர எத்தனை வருஷம் ஆகும்? தேக்குல வருஷ வளையம் தெளிவா தெரியும். வெட்டின மரங்கள்ல வளையத்தை எண்ணி அதையும் மதிப்பிட்டார். அப்புறம் கணக்கு சுலபம். ஒரு பேச்சுக்கு, முதல் வகுப்பு மரம் 24,000 இருக்கு, அந்த இடத்துக்கு அடுத்த வகுப்பு வந்துசேர 24 வருஷம் ஆகும்னு வச்சுக்கோங்க. அப்போ வருஷத்துக்கு 1,000 மரத்துக்கு மேல தொடக் கூடாது. நம்ம ஊர் வட்டிக்கடை பாஷையில சொன்னா, முதல்ல கை வைக்காம வட்டியை மட்டும் எடுக்கிறது.

கணக்கு காகிதத்துல இருந்தா போதாது, அமல்படுத்த ஒரு இடம் வேணும். பச்சைத் தேக்கு தண்ணியில சரியா மிதக்காது. அதனால மரத்தைச் சுத்தி பட்டையையும் வெளிமரத்தையும் வளையமா வெட்டி, நின்ன நிலையிலேயே இரண்டு மூணு வருஷம் காயவிட்டு, அப்புறம்தான் சாய்ப்பாங்க. யானை இழுத்து ஓடையில தள்ளும், மழைவெள்ளம் ஆத்துக்குக் கொண்டுபோகும். அந்த வளையம் போடற அதிகாரத்தை அரசு தன் கையில வச்சுக்கிட்டது. எந்த மரம் சாகணும்னு வியாபாரி முடிவு பண்ண முடியாது. வியாபாரிகள் சும்மா இருக்கல, காட்டைத் திறந்துவிடச் சொல்லி மேலிடத்துல நெருக்கினாங்க. 1860கள்ல சில காடுகளை அவங்களுக்குத் திறந்தும் விட்டாங்க. பிராண்டிஸ் கணக்கை விடல.

மண்ணுக்கடியில இருக்கிற காடு

வெட்டினா திரும்ப வளரும்னு நம்பித்தான் இந்தக் கணக்கு முழுக்க நிக்குது. அது எப்படி வளருது?

வருஷத்துல அஞ்சாறு மாசம் மழையே இல்லாத காட்டுக்கு ஒரு குணம் உண்டு, உயிரை வேர்ல சேமிச்சு வைக்கும். தேக்குக் கன்னு முளைச்ச முதல் சில வருஷங்கள்ல கோடை வந்தா மேல இருக்கிற தண்டு காய்ஞ்சோ கருகியோ போயிடும். பார்க்கிறவங்களுக்குச் செத்த மாதிரி இருக்கும். உள்ள வேர் மட்டும் வருஷாவருஷம் தடிச்சுக்கிட்டே போகும். போதுமான பலம் வந்த ஒரு மழைக்காலத்துல ஒரே மூச்சுல ஆள் உயரத்துக்குக் கிளம்பும். தேக்கு நடும்போது தண்டை விரலளவு விட்டு வெட்டி, வேர்க்குச்சியை மட்டும் நடறாங்களே, அதுவும் இந்தக் குணத்தை நம்பித்தான்.

வெட்டின அடிக்கட்டையும் துளிர்க்கும். கரும்புல மறுதாம்பு வர்ற மாதிரிதான். நம்ம சிவகங்கை மாவட்டத்துல இதுக்கு உதாரணம் தேட வேண்டாம், சீமைக்கருவேலத்தை வெட்டிப் பாருங்க. உசிலை, வேம்பு எல்லாமே இப்படித் துளிர்க்கிற மரங்கள்தான். விறகுக்காடுகளைக் கூப்பு கூப்பா பிரிச்சு, 20 கூப்புன்னா வருஷத்துக்கு ஒண்ணு மட்டும் வெட்டி, 21ஆவது வருஷம் முதல் கூப்புக்குத் திரும்புற முறை இதை வச்சு வந்ததுதான்.

ஆனா இதுக்கு எல்லை உண்டு. துளிரை ஆடு கடிச்சுக்கிட்டே இருந்தாலோ, கட்டை தேறுறதுக்குள்ள மறுபடி வெட்டினாலோ, விறகுக்காக வேரையே தோண்டினாலோ சேமிப்பு தீர்ந்துடும். அப்புறம் அங்க முள்ளும் புல்லும்தான்.

நெருப்பு விஷயத்துல தப்பின கணக்கு

1864ல பிராண்டிஸ் இந்தியா முழுமைக்கும் முதல் தலைமை வன அதிகாரி ஆனார். 1878ல டேராடூன்ல வனப் பள்ளி தொடங்கினார். அவரும் அவர் காலத்து அதிகாரிகளும் உறுதியா நம்பின ஒண்ணு, நெருப்பு காட்டுக்கு எதிரி. தீத்தடுப்புக் கோடு வெட்டி, காவல் போட்டு, வருஷக்கணக்கா நெருப்பே படாம பாதுகாத்தாங்க.

1890கள்ல பர்மாவுல வேலை பார்த்த அதிகாரிகளுக்கு ஒரு சந்தேகம் வந்தது. நெருப்புப் படாத, கொஞ்சம் ஈரமான தேக்குக்காடுகள்ல பெரிய மரம் இருக்கு, கன்னைக் காணோம். 1896ல ஸ்லேட் என்ற அதிகாரி இதை வெளிப்படையா எழுதினார். காரணம் எளிது. தேக்குக்கு முழு வெயில் வேணும். நெருப்பு நின்னதும் மூங்கிலும் புதரும் அடர்ந்து நிழல் கட்டிடுச்சு. பின்னாடி பல இடங்கள்ல அந்தத் தீத்தடுப்பைக் கைவிட்டாங்க.

இதுல வேடிக்கை என்னன்னா, பிராண்டிஸே பர்மாவுல கரேன் மக்களின் நெருப்பைப் பயன்படுத்தினவர். அவங்க மலைச்சரிவை வெட்டி எரிச்சு, ஒண்ணு இரண்டு வருஷம் நெல் போட்டுட்டு அடுத்த இடத்துக்குப் போவாங்க. அதுக்கு பர்மிய மொழியில டாங்யான்னு பேரு. நெல்லோட சேர்த்துத் தேக்கையும் ஊன வைச்சார் பிராண்டிஸ். அவங்க நகர்ந்ததும் அங்க தேக்குத் தோட்டம் நிக்கும். உலகத்துல பல நாடுகள் இந்த முறையை எடுத்துக்கிட்டாங்க. ஆனா அந்தத் தோட்டம் நின்ன மண் அப்புறம் கரேன் மக்களுடையதா இல்லை, அரசுடையதா ஆயிடுச்சு. இதையும் சேர்த்துத்தான் நீங்க படிக்கணும்.

காடு யாருக்கு?

1878 வனச் சட்டம் வந்தபோது பெரிய சண்டை. எல்லாக் காடும் அரசுக்கேன்னு பேடன் பவல் என்ற அதிகாரி ஒரு பக்கம். மக்களுக்குப் பரம்பரை உரிமை இருக்குன்னு சென்னை மாகாண வருவாய் வாரியம் எதிர்ப் பக்கம். பிராண்டிஸ் நடுவுல நின்னார்: முக்கியமான காடு அரசுக்கு, மீதியில கிராமத்துக்குன்னு தனிக் காடு. சென்னை மாகாணம் அந்தச் சட்டத்தை ஏத்துக்கல. 1880களின் தொடக்கத்துல பிராண்டிஸே இங்க வந்து ஆலோசனை சொல்ல, 1882ல சென்னை வனச் சட்டம் தனியா வந்தது. கிராமக் காடுன்ற அவர் யோசனை மட்டும் பெரும்பாலும் ஏட்டுலயே தங்கிடுச்சு. மேய்ச்சலுக்கும் விறகுக்கும் போனவங்க குத்தவாளி ஆனாங்க.

நம்ம ஊர்க் கோயில்காடு மாதிரி, மக்களே காப்பாத்தி வச்ச காடுகளை மதிச்சு எழுதினவர் பிராண்டிஸ். அவர் அமைச்ச துறை அந்த மக்களை அந்த அளவுக்கு நம்பல.

1883ல ஓய்வு பெற்று பான் நகரத்துக்குத் திரும்பினார். அங்கிருந்தே இளம் வன அதிகாரிகளுக்கு வழிகாட்டினார். அவர்கிட்ட ஆலோசனை கேட்டுப் போன அமெரிக்க இளைஞர் கிஃபோர்ட் பின்ஷோ, 1905ல அமெரிக்க வனத்துறையின் முதல் தலைவர் ஆனார். 80 வயசைத் தாண்டியும் உழைச்சு, இந்திய மரங்கள் பத்தின பெரிய நூலை 1906ல வெளியிட்டார். 1907 மே மாசம் காலமானார்.

எண்ணாம வெட்டாதேன்ற அவர் பாடம் இன்னும் செல்லும். எண்ணினது போதும், காட்டுக்குள்ள வாழறவங்களைக் கேட்க வேண்டாம்னு இருந்ததோட பாடமும் செல்லும்.

அடுத்த லீவுல பிரான்மலைப் பக்கமோ உங்க ஊர்ப் புறம்போக்குப் பக்கமோ போனா ஒரு வேலை செய்யுங்க. வெட்டின கட்டைகளைப் பாருங்க. துளிர் இருக்கா, ஆடு கடிச்சிருக்கா, வேரைத் தோண்டியிருக்காங்களா? ஒத்தையடிப் பாதையில நடந்துக்கிட்டே பெரிசு, நடுத்தரம், சிறிசு, கன்னுன்னு நாலா பிரிச்சு எண்ணுங்க. அங்க ஆடு மேய்க்கிற பெரியவர் யாராவது இருந்தா, பத்து வருஷம் முன்னாடி எப்படி இருந்ததுன்னு கேளுங்க. பெரிய மரம் நிறைய இருந்து கன்னே இல்லைன்னா அந்தக் காடு கவலைக்கிடம். பெரிசு ஒண்ணுமில்லாம கன்னும் துளிருமா இருந்தா, அதை வெறும் புதர்னு நினைச்சு யாரும் கொளுத்தாம பார்த்துக்கோங்க. உங்க எண்ணிக்கையை நம்ம இதழுக்கு அனுப்புங்க, அடுத்த மாசம் சேர்த்துப் போடுவோம்.