நோயாளியோடு குடும்பமும்: மருத்துவர் வித்யாசாகரின் வாழ்வும் பணியும்

மனநலச் சிகிச்சைக்கு ஒருவரை நீங்கள் அழைத்து வரும்போது, உடன் தங்குபவர் யார் என்று மருத்துவமனையில் கேட்பார்கள். இந்திய மனநல மருத்துவமனைகளில் இக்கேள்வி எக்காலத்தும் இருந்ததன்று. அதற்கு இடமளித்த முன்னோடி மருத்துவர் வித்யாசாகர். அவர் மனநல மருத்துவரே. ஆயினும் அவர் விட்டுச்சென்ற பாடம் மருந்தைக் காட்டிலும் மருத்துவ உளவியலுக்கே நெருக்கமானது.

1950களில் அவர் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்தார். அந்நாளில் 1912ஆம் ஆண்டுச் சட்டமே நடைமுறையில் இருந்தது. உயர்ந்த மதிலும் பூட்டிய கதவும் வழக்கம். குடும்பம் வாசலோடு திரும்பிவிடும். நாட்டுப் பிரிவினையின் சுமை வேறு. லாகூர் மனநல மருத்துவமனையிலிருந்த இந்து, சீக்கிய நோயாளிகள் நூற்றுக்கணக்கானோர் 1950ஆம் ஆண்டின் இறுதியில் எல்லை கடந்து அமிர்தசரசுக்கு அனுப்பப்பட்டிருந்தனர். மருத்துவமனையில் இடம் போதவில்லை.

வித்யாசாகர் வளாகத்தின் திறந்தவெளியில் கூடாரங்களை அமைத்தார். நோயாளியுடன் தாயோ, கணவரோ, உடன்பிறந்தவரோ அங்கேயே தங்கினர். உணவூட்டினர், சிகிச்சையை அருகிருந்து கண்டனர். குடும்பத்தினரை ஒன்றுகூட்டி அவர் நாள்தோறும் பேசினார். நோய் என்பது என்ன, வீட்டில் எவ்வாறு நடந்துகொள்வது என்பதே பேச்சின் பொருள். மனச்சிதைவுக்கான முதல் மருந்தான குளோர்புரோமசின் உலகில் பயன்பாட்டுக்கு வந்ததே 1952இல்தான் என்பதை இங்கு நினைவில் கொள்ளுங்கள்.

நோயாளிகள் விரைந்து தேறினர். குடும்பத்தினர் தயக்கமின்றி அவர்களை வீட்டுக்கு அழைத்துச் சென்றனர். குணமாவதைக் கண்ணால் கண்டவர், ஊருக்குத் திரும்பிப் பேய் பிடித்தது என்று சொல்லமாட்டார் அல்லவா? இடையறாத குறைகூறலும் வெறுப்பும் நிறைந்த வீடுகளில் மனச்சிதைவு மீண்டும் தலைதூக்குவது மிகுதி என்பதை இலண்டனில் நடந்த ஆய்வுகள் பின்னர் காட்டின. வித்யாசாகரின் கூடாரங்களில் அது முன்னரே நடைமுறையாகியிருந்தது.

அவர் அதிகம் எழுதியவர் அல்லர். அதனாலேயே அவர் பெயர் உரிய அளவுக்குப் பரவவில்லை என்று கருதுகிறேன். அவருடைய முறையோ பரவியது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் 1957 முதல் குடும்பத்தைச் சிகிச்சையின் அங்கமாக்கியது; பெங்களூரும் இவ்வழியைப் பின்பற்றியது. பிற்காலத்தில் வித்யாசாகர் ரோத்தக் மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராகப் பணிபுரிந்தார். அமிர்தசரஸ் மருத்துவமனை இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இதற்கு நேர்மாறான காட்சியைத் தமிழ்நாடு கண்டுள்ளது. 2001 ஆகஸ்டு 6 அன்று ஏர்வாடியில் தீப்பற்றியபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தப்ப வழியின்றி மாண்டனர். நோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் தடை செய்துள்ளது.

சித்தேரி மலையிலிருந்து அரூர் வழியாகத் தருமபுரிக்கு வந்து தங்குவது எளிதன்று. கூலி போகும், கால்நடையைப் பார்க்க ஆள் வேண்டும். எனவே முழு நாள்களும் இயலாவிடினும், முதல் சந்திப்பிலும் வீடு திரும்பும் நாளிலும் நோயாளியுடன் வாழ்பவர் ஒருவர் கட்டாயம் வாருங்கள். உறக்கம், உணவு, பேச்சு ஆகியவற்றில் நீங்கள் கண்ட மாற்றங்களை மருத்துவரிடம் சொல்லுங்கள். கை நடுக்கமோ உடல் விறைப்போ தோன்றினால் தெரிவியுங்கள். மருந்தைத் தாமாக நிறுத்த வேண்டாம். பராமரிக்கும் உங்களுக்கே உறக்கமின்றிப் போனால் அதையும் கூறுங்கள், அதுவும் சிகிச்சைக்குரியதே. தொலைபேசி வழியே ஆலோசனை பெற, டெலி மானஸ் சேவையின் 14416 என்னும் கட்டணமில்லா எண்ணை எந்நேரமும் அழைத்துத் தமிழில் பேசலாம்.